இன்லைன் அசெம்பிளி கோடிலிருந்து வேண்டாத ஒரு பாராமீட்டரை எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எல்எல்விஎம் மாதிரி ஒரு பெரிய கம்பைலரில் கை வைக்க ஆசை, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நான் சொல்லும் பதில் ஒன்றே. இன்லைன் அசெம்பிளியை, அதாவது சி நிரலுக்குள்ளேயே எழுதும் அசெம்பிளி வரிகளை, கையாளும் கோடுக்குள் போங்கள். யாருக்கும் பயன்படாமல் கைமாறிக்கொண்டே இருக்கும் ஒரு பாராமீட்டரைக் கண்டுபிடியுங்கள். அதை எடுத்துவிட்டு, எதுவும் மாறவில்லை என்று நிரூபியுங்கள். எடுப்பது சின்ன வேலை. நிரூபிப்பதில்தான் நேரமெல்லாம் போகும். அதற்காகக் கோடைப் படிக்கும்போதுதான் கம்பைலர் எப்படி ஓடுகிறது என்று பிடிபடும்.

சி பிளஸ் பிளஸ் ஓரளவு தெரியும், விர்ச்சுவல் பங்ஷன் என்றால் என்னவென்று தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோடில் சேர்ந்தே வரும் பெயர்களை இங்கே படிக்க வசதியாகச் சிறு கோடு போட்டுப் பிரித்திருக்கிறேன்.

இன்லைன் அசெம்பிளி நடக்கும் வழி

சி நிரலில் ஒருவர் ஆஸ்ம் என்று தொடங்கி ஒரு அசெம்பிளி வரியை எழுதுகிறார். கூடவே எந்த மதிப்பு ரெஜிஸ்டரில் வர வேண்டும், எது மெமரியில் இருக்க வேண்டும், எந்த ரெஜிஸ்டர் கெட்டுப்போகும் என்று கன்ஸ்ட்ரெயின்ட்களாகச் சொல்கிறார். எல்எல்விஎம்மின் சி கம்பைலரான கிளாங் முதலில் அந்தக் கன்ஸ்ட்ரெயின்ட்கள் அந்த டார்கெட்டுக்கு (கோடு ஓடப்போகும் ப்ராசஸர் வகைக்கு) செல்லுமா என்று பார்க்கிறது. பிறகு அதை எல்எல்விஎம் ஐஆர் என்ற இடைநிலை மொழியில் ஒரு கால் போல எழுதுகிறது. அடுத்து, இன்ஸ்ட்ரக்ஷன்களைத் தேர்ந்தெடுக்க செலக்ஷன்-டேக் என்ற வரைபடம் கட்டும் இடத்தில் விசிட்-இன்லைன்-ஆஸ்ம் என்ற பங்ஷன் ஒவ்வொரு கன்ஸ்ட்ரெயின்டுக்கும் ரெஜிஸ்டரோ மெமரி முகவரியோ ஒதுக்குகிறது. கடைசியில் ஆஸ்ம்-பிரிண்டர், அசெம்பிளி வரியில் உள்ள ஆபரண்ட் (இன்ஸ்ட்ரக்ஷன் எதன் மேல் வேலை செய்கிறதோ அது) குறிகளுக்குப் பதிலாக நிஜப் பெயர்களைப் போட்டு அச்சிடுகிறது.

இந்த ஒவ்வொரு கட்டத்திலும் பொதுக் கோடு ஒன்று இருக்கும். எக்ஸ்86, ஆர்ம், மிப்ஸ், ரிஸ்க்-ஃபைவ் என்று ஒவ்வொரு டார்கெட்டும் அதை ஓவர்ரைடு செய்யும். வேண்டாத பாராமீட்டர்கள் சேர்வது பெரும்பாலும் இந்த எல்லையில்தான். ஒரே ஒரு டார்கெட்டுக்குத் தேவைப்பட்ட தகவலைப் பொது பங்ஷனில் சேர்த்திருப்பார்கள். அதனால் மற்ற எல்லா டார்கெட்டும் அதை வாங்கி, அடுத்த பங்ஷனுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

செட்டிநாட்டு வீட்டுக்குள் நடந்தவர்களுக்கு இது உடனே புரியும். முகப்பில் வாங்கிய ஒரு பொருள் வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று கைமாறி அடுப்படிக்குப் போகிறது. நடுவில் யாரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அடுப்படியில் போய்ப் பார்த்தால் அதே பொருள் அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு நிஜ உதாரணம்

2019 ஏப்ரலில் எல்எல்விஎம்மில் நடந்த ஒரு மாற்றத்தை வைத்தே முழு வழிகாட்டியையும் சொல்கிறேன். ஏனென்றால் இதில் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

அதுவரை ஆஸ்ம்-பிரிண்டரில் உள்ள பிரிண்ட்-ஆஸ்ம்-ஆபரண்ட் என்ற பங்ஷன் 5 பாராமீட்டர்களை வாங்கியது: மெஷின் இன்ஸ்ட்ரக்ஷன், ஆபரண்டின் எண், ஆஸ்ம்-வேரியன்ட், எக்ஸ்ட்ரா-கோடு (ஆபரண்டை எப்படி அச்சிடுவது என்று சொல்லும் எழுத்து), வெளியீட்டு ஸ்ட்ரீம். மூன்றாவதாக இருக்கும் ஆஸ்ம்-வேரியன்ட்தான் நம் ஆள். மெமரி ஆபரண்டை அச்சிடும் இணை பங்ஷனிலும் அது இருந்தது.

எக்ஸ்86 அசெம்பிளியை எழுத இரண்டு முறைகள் உண்டு. ஏடி அண்ட் டி முறையில் மதிப்பு போய்ச் சேரும் இடம் கடைசியில் வரும். ரெஜிஸ்டர் பெயருக்கு முன் சதவீதக் குறியும், நேரடி எண்ணுக்கு முன் டாலர் குறியும் போட வேண்டும். இன்டெல் முறையில் சேரும் இடம் முதலில் வரும், அந்தக் குறிகள் கிடையாது. ஒரு ஆபரண்டை அச்சிடும்போது எந்த முறை என்று தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்லத்தான் ஆஸ்ம்-வேரியன்ட் வந்தது. ஆனால் இந்த இரட்டை முறைப் பிரச்சினை எக்ஸ்86-க்கு மட்டும்தான். மற்ற டார்கெட்கள் எல்லாம் அதை வாங்கி, படிக்காமலே விட்டன.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இன்லைன் ஆஸ்ம் மெஷின் இன்ஸ்ட்ரக்ஷன் ஆன பிறகு, அதன் 0-ஆம் ஆபரண்ட் அசெம்பிளி வரி; 1-ஆம் ஆபரண்ட் கூடுதல் விவரங்களுக்கான கொடிகள்; 2-இலிருந்துதான் பயனர் கொடுத்த ஆபரண்ட்கள் தொடங்கும். அந்தக் கொடிகளில் பக்க விளைவு உண்டா என்பதற்கு 1, ஸ்டாக் அலைன்மென்ட்டுக்கு 2, டயலெக்ட்டுக்கு, அதாவது எழுதும் முறைக்கு, 4 என்று பிட்கள் உண்டு. அதாவது இன்டெல் முறையா, ஏடி அண்ட் டி முறையா என்ற தகவல் முதல் பாராமீட்டரான மெஷின் இன்ஸ்ட்ரக்ஷனுக்குள்ளேயே இருக்கிறது. கெட்-இன்லைன்-ஆஸ்ம்-டயலெக்ட் என்று அதனிடமே கேட்டுவிடலாம்.

ஆகவே மாற்றம் இதுதான்: பொது பங்ஷன்களிலிருந்து அந்தப் பாராமீட்டரை எடுத்துவிடுவது, எக்ஸ்86 மட்டும் தனக்குத் தேவையான இடத்தில் இன்ஸ்ட்ரக்ஷனிடம் கேட்டுக்கொள்வது. 5 பாராமீட்டர் 4 ஆனது.

படி 1: எந்த வகையில் தேவையில்லை என்று முடிவு செய்யுங்கள்

இதைத் தாண்டிக் குதித்தால் பிறகு எல்லாமே தவறாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து படிக்கும்போது ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, யாருமே படிக்கல, அழிச்சிட்டுப் போயிருவோமே?" நான் சொன்னேன்: "எல்லா டார்கெட்டையும் திறந்து பாத்துட்டியா தம்பி? யாருமேன்னா யார் யாரு, எழுதிக் காட்டு." எழுதித்தான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை.

வேண்டாத பாராமீட்டரில் மூன்று வகை உண்டு. ஒன்று, எந்த இடத்திலும் அதைப் படிப்பதே இல்லை. இரண்டு, படிக்கிறார்கள், ஆனால் கூப்பிடும் எல்லாரும் ஒரே மதிப்பைத்தான் கொடுக்கிறார்கள். மூன்று, படிக்கிறார்கள், மதிப்பும் மாறுகிறது, ஆனால் அதே மதிப்பு வேறொரு பாராமீட்டருக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஆஸ்ம்-வேரியன்ட் மற்ற டார்கெட்களைப் பொறுத்தவரை முதல் வகை, எக்ஸ்86-ஐப் பொறுத்தவரை மூன்றாம் வகை.

முதல் வகைக்கு நிரூபணம் எளிது: பங்ஷனின் எல்லா ஓவர்ரைடுகளையும் வரிசையாகப் படிக்க வேண்டும். படித்து அடுத்த பங்ஷனுக்குக் கொடுப்பதைப் பயன்பாடாகக் கணக்கில் எடுக்காதீர்கள். அந்த அடுத்த பங்ஷன் என்ன செய்கிறது என்று தொடர்ந்து போங்கள். இரண்டாம் வகைக்குக் கூப்பிடும் இடங்களைப் பட்டியலிட வேண்டும். மூன்றாம் வகையில் கேள்வி கொஞ்சம் கடினம். பாராமீட்டரில் வரும் மதிப்பும் இன்ஸ்ட்ரக்ஷனிடம் கேட்டால் கிடைக்கும் மதிப்பும் எப்போதும் ஒன்றாகவே இருக்குமா? இதற்கு அந்த மதிப்பு முதன்முதலில் எங்கே பிறக்கிறது என்று மேல்நோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். நம் உதாரணத்தில், மேலே இருந்தவரே அந்த இன்ஸ்ட்ரக்ஷனிடம் கேட்டுத்தான் பாராமீட்டரை நிரப்பினார். அதனால் இரண்டும் ஒன்றே என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

இந்தத் தேடலில் கம்பைலர் எச்சரிக்கை உதவும் என்று நம்பாதீர்கள். எல்எல்விஎம் தன்னைத்தானே பில்ட் செய்யும்போது பயன்படாத பாராமீட்டருக்கான எச்சரிக்கையை அணைத்தே வைத்திருக்கிறது. விர்ச்சுவல் பங்ஷன்களில் பயன்படாத பாராமீட்டர் இயல்பு என்பதால் அந்த முடிவு சரியானதே. கோடைச் சோதிக்கும் கருவியான கிளாங்-டைடியில் இதற்கென ஒரு சோதனை உண்டு. ஆனால் அது ஒரு பங்ஷனை மட்டும் பார்க்கும், ஓவர்ரைடு குடும்பம் முழுவதையும் சேர்த்து யோசிக்காது. கையால் படிப்பதே நம்பகமானது.

படி 2: அது ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கிட் லாகில் பெரிய எஸ் ஆப்ஷன் கொடுத்து அந்தப் பெயரைத் தேடினால், அது நுழைந்த கமிட்டும் எண்ணிக்கை மாறிய கமிட்டுகளும் வரும். முதல் கமிட்டின் விளக்கத்தை முழுக்கப் படியுங்கள். "இப்போது யாரும் பயன்படுத்தவில்லை, அடுத்த பேட்சில் தேவைப்படும்" என்று எழுதியிருந்து, அந்த அடுத்த பேட்ச் வராமலே போயிருக்கலாம். அப்படியானால் உங்கள் வேலை எளிது. சமீபத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள் என்றால் யாரோ அதன் மேல் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். முதலில் அவரிடம் கேளுங்கள்.

இங்கேயே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். எல்எல்விஎம்மின் சி பிளஸ் பிளஸ் பங்ஷன்களுக்கு நிலைத்தன்மை உறுதி எதுவும் கிடையாது, மாற்றலாம். ஆனால் சி மொழிக்கான ஏபிஐயை முடிந்தவரை மாறாமல் காக்கிறார்கள். வேறு மொழிகளின் கம்பைலர்கள் அதை நம்பி இருக்கின்றன. நீங்கள் எடுக்க நினைப்பது அங்கே வெளியே தெரியும் பாராமீட்டர் என்றால் அதைத் தொடாதீர்கள். ஐஆரைக் கோப்பாகச் சேமிக்கும் பிட்கோடு வடிவில் எழுதப்படும் மதிப்பும் அப்படித்தான்: பழைய கோப்புகளைப் புதிய பதிப்பு படிக்க வேண்டும்.

படி 3: சாதாரண லேப்டாப்பில் பில்ட் செய்ய

8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பை வைத்துக்கொண்டு டீபக் பில்ட் போட்டால், லிங்க் நேரத்தில் மெஷின் உறைந்துவிடும். எல்எல்விஎம்மும் கிளாங்கும் சேர்ந்த முழு டீபக் பில்டுக்கு 15 முதல் 20 ஜிபி வரை டிஸ்க் வேண்டும் என்று அதன் கையேடே சொல்கிறது. நமக்கு அது வேண்டாம். ரிலீஸ் பில்ட் போடுங்கள், ஆனால் அசெர்ஷன்களை (எதிர்பார்த்தது பொய்த்தால் நிரலை நிறுத்தும் சோதனைகளை) ஆன் செய்யுங்கள். இந்த வேலைக்கு அசெர்ஷன் இல்லாத பில்டால் பயனே இல்லை; காரணம் படி 5-இல் வருகிறது.

ஒரே நேரத்தில் ஒரு லிங்க் மட்டும் ஓடும்படி பேரலல்-லிங்க்-ஜாப்ஸ் அமைப்பை 1 ஆக்குங்கள், எல்எல்டி லிங்கரைப் பயன்படுத்துங்கள், கம்பைல் ஆனதைச் சேமித்து வைக்கும் சிகேஷ் நிறுவியிருந்தால் அதையும் இணையுங்கள். சித்திரை வெயிலில் மின்சாரம் போய்ப் பில்ட் பாதியில் நின்றாலும் கவலை வேண்டாம். பில்டை ஓட்டும் நிஞ்சா விட்ட இடத்திலிருந்து தொடரும். இணைய வேகம் குறைவு என்றால் கிட் குளோனில் பிளாப் இல்லாத ஃபில்டர் ஆப்ஷனைப் போடுங்கள். ஆழம் 1 என்று குறைத்துவிட்டால் படி 2-க்குத் தேவையான வரலாறு கிடைக்காது.

டார்கெட்களில் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது: டார்கெட் பட்டியலில் "ஆல்" என்று கொடுத்தால் நிலையான டார்கெட்கள் மட்டுமே வரும். எம்68கே, எக்ஸ்டென்சா, ஆர்க் போன்ற எக்ஸ்பெரிமென்டல் டார்கெட்களுக்குத் தனி அமைப்பு உண்டு, அவற்றைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். நீங்கள் மாற்றப்போவது பொது பங்ஷன். அந்த டார்கெட்களும் அதை ஓவர்ரைடு செய்திருக்கலாம்.

படி 4: மாற்றுவதற்கு முன் சாட்சி எடுத்து வையுங்கள்

கோடைத் தொடுவதற்கு முன்பே பழைய நிலையில், ஐஆரை அசெம்பிளியாக்கும் எல்எல்சி கருவியை பில்ட் செய்து வேறு பெயரில் எடுத்து வையுங்கள். கோட்ஜென் டெஸ்ட் அடைவில் ஒவ்வொரு டார்கெட்டுக்கும் இன்லைன் ஆஸ்ம் என்ற பெயரோடு ஏராளமான கோப்புகள் உண்டு. அவை எல்லாவற்றையும் பழைய எல்எல்சி வழியாக ஓட்டி, வெளியீட்டைச் சேமியுங்கள். எக்ஸ்86-க்கு மட்டும் ஒவ்வொரு கோப்பையும் இருமுறை ஓட்டுங்கள்: ஒருமுறை இயல்பாக, இன்னொருமுறை வெளியீட்டு முறையை இன்டெல் என்று மாற்றி.

நீங்களே ஒரு சின்ன ஐஆர் கோப்பும் எழுதுங்கள். ஒரே பங்ஷனுக்குள் இரண்டு ஆஸ்ம் கால்கள் போடுங்கள்: ஒன்று சாதாரணமாக, மற்றொன்று இன்டெல்-டயலெக்ட் என்ற சொல்லோடு. இரண்டிலும் ரெஜிஸ்டர் ஆபரண்ட் ஒன்று, மெமரி ஆபரண்ட் ஒன்று, நேரடி எண் ஒன்று இருக்கட்டும். நீங்கள் எடுக்கும் பாராமீட்டர் எந்தத் தகவலைச் சுமக்கிறதோ, அதன் எல்லா மதிப்புகளும் ஒரே கோப்பில் வருவதுதான் இதன் நோக்கம்.

படி 5: வெட்டுங்கள்

மேலிருந்து கீழாகப் போக வேண்டும். முதலில் பொது ஹெடர் கோப்பில் உள்ள விர்ச்சுவல் அறிவிப்பிலிருந்து பாராமீட்டரை எடுங்கள். அப்புறம் நிஞ்சாவுக்கு முதல் பிழையில் நிற்காதே என்று கே ஆப்ஷனில் 0 கொடுத்து ஓட்டுங்கள். உடைந்த எல்லா இடமும் ஒரே பட்டியலாக வந்துவிடும். கண்டுபிடித்து மாற்றும் கருவியால் மொத்தமாக மாற்றுவதைவிட, கம்பைலர் காட்டும் இடத்தை ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்துவதே நல்லது. இடங்கள் பல இருந்தாலும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு இடத்தையும் ஒருமுறையாவது மனிதக் கண் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் கம்பைலர் பிழை சொல்லாத இடங்களும் உண்டு. ஆபத்து அங்கேதான். நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது, ஓவர்ரைடு என்ற சொல் போடாத ஓவர்ரைடு. பழைய 5 பாராமீட்டர் வடிவத்தில் ஒரு டார்கெட் பங்ஷன் எழுதியிருந்து, அதில் அந்தச் சொல் இல்லையென்றால், அது பிழையே தராது. தனியொரு பங்ஷனாக அப்படியே இருக்கும், ஆனால் அதை யாரும் கூப்பிட மாட்டார்கள். பொதுவான பங்ஷனே ஓடும். எக்ஸ்ட்ரா-கோடாகக் குறிப்பிட்ட சில எழுத்துகளை மட்டுமே அதற்குத் தெரியும். மற்றவற்றுக்கு "முடியவில்லை" என்று ட்ரூ திருப்பும். பயனருக்கு இன்லைன் ஆஸ்மில் தவறான ஆபரண்ட் என்ற செய்தி வரும். ஓவர்லோடட்-விர்ச்சுவல் எச்சரிக்கையை ஆன் செய்து ஒருமுறை பில்ட் செய்தால் இது பிடிபடும்.

இரண்டாவது, டீஃபால்ட் மதிப்பு. எக்ஸ்86 ஆஸ்ம்-பிரிண்டரில் ஆபரண்டை அச்சிடும் உள் பங்ஷனில் வேரியன்டுக்கு டீஃபால்ட் 0 என்று இருந்தது. 0 என்றால் ஏடி அண்ட் டி. இப்படி ஒரு பங்ஷனை யாராவது வேரியன்ட் கொடுக்காமல் கூப்பிட்டிருந்தால், அவர் வெளியே தெரியாமல் "எப்போதும் ஏடி அண்ட் டி" என்று சொல்லியிருக்கிறார். பாராமீட்டரை எடுத்துவிட்டு உள்ளே இன்ஸ்ட்ரக்ஷனிடம் கேட்கும்படி மாற்றினால், அந்த இடத்தில் இன்டெல் முறை வந்துவிடக்கூடும். அது சரியான வெளியீடாகவே இருக்கலாம், பழைய பக் ஒன்றைத் திருத்தியதாகவும் இருக்கலாம். ஆனாலும் அது நடத்தை மாற்றம். எதுவும் மாறவில்லை என்று சொல்லும் பேட்சுக்குள் அதற்கு இடமில்லை. தனியாக எடுத்து, தனி டெஸ்டோடு அனுப்புங்கள். இப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி: முதலில் டீஃபால்ட் மதிப்பை மட்டும் எடுத்துவிட்டு பில்ட் செய்யுங்கள். கொடுக்காமல் கூப்பிட்ட அத்தனை பேரும் வெளியே வந்துவிடுவார்கள்.

மூன்றாவது, இடம் மாறி உட்காரும் ஆர்க்யுமென்ட். நடுவிலிருந்து ஒன்றை எடுத்தால் பின்னால் இருப்பவை ஒரு படி முன்னேறும். பின்னால் இருப்பவற்றுக்கு டீஃபால்ட் இருந்தால், திருத்தாத பழைய காலும் கம்பைல் ஆகிவிடலாம். சி பிளஸ் பிளஸில் நேரடி 0 நல் பாயின்டராக மாறும், எந்தப் பாயின்டரும் பூல் ஆக மாறும், பூல் எண்ணாக மாறும். வேரியன்டுக்காக எழுதிய 0 அப்படியே எக்ஸ்ட்ரா-கோடு என்ற பாயின்டர் இடத்தில் போய் உட்கார்ந்தால் கம்பைலர் வாயே திறக்காது. இந்தச் சந்தேகம் இருந்தால் வேலை முடியும்வரை பங்ஷனின் பெயரைத் தற்காலிகமாக மாற்றி வையுங்கள். பழைய பெயரில் கூப்பிடும் ஒவ்வொரு இடமும் கண்டிப்பாக உடையும். எல்லாவற்றையும் திருத்திய பிறகு பெயரைத் திரும்ப வைத்துவிடலாம்.

நான்காவது மூன்றாம் வகைப் பாராமீட்டருக்கு மட்டும். கெட்-இன்லைன்-ஆஸ்ம்-டயலெக்ட் பங்ஷனுக்குள், இது இன்லைன் ஆஸ்ம் இன்ஸ்ட்ரக்ஷன்தானா என்று ஒரு அசெர்ட் இருக்கிறது. நீங்கள் அதைக் கூப்பிடும் உதவிப் பங்ஷனை வேறு வகை இன்ஸ்ட்ரக்ஷனோடு யாராவது கூப்பிட்டால் அசெர்ட் விழும். அசெர்ஷன் இல்லாத பில்டில் என்ன ஆகும்? இன்லைன் ஆஸ்ம் அல்லாத இன்ஸ்ட்ரக்ஷனின் 1-ஆம் ஆபரண்டை எடுத்து, அதில் டயலெக்ட் பிட்டைத் தேடும். கிடைப்பது வெறும் குப்பை மதிப்பு. அதனால்தான் அசெர்ஷனோடு பில்ட் செய்யச் சொன்னேன். எந்தப் பங்ஷன் இன்லைன் ஆஸ்முக்கு மட்டும், எது பொது என்று பிரித்து, கேள்வியை முடிந்தவரை உள்ளே, தேவைப்படும் இடத்தில் மட்டும் கேளுங்கள்.

படி 6: ஒப்பிட்டுப் பாருங்கள்

புதிய எல்எல்சியை அதே கோப்புகளில் ஓட்டி, படி 4-இல் சேமித்த வெளியீட்டோடு டிஃப் எடுங்கள். ஒரு எழுத்துகூட மாறியிருக்கக் கூடாது. மாறியிருந்தால் "இது அற்பமான வித்தியாசம்தானே" என்று விடாதீர்கள், காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு எல்எல்விஎம்மின் முழு செக் டார்கெட்டை ஓட்டுங்கள். லிட் ஒவ்வொரு டெஸ்டையும் ஓட்ட, ஃபைல்-செக் வெளியீட்டைச் சரிபார்க்கும். டெஸ்ட் கோப்பு ஒன்றையும் திருத்தத் தேவைப்படாதது ஒரு நல்ல அறிகுறி.

ஃபைல்-செக்கை மட்டும் நம்பாமல் டிஃப் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டெஸ்ட் எழுதியவர் சரிபார்க்க நினைத்த வரிகளை மட்டுமே அது பார்க்கும். டிஃப் எல்லா வரியையும் பார்க்கும்.

படி 7: அனுப்புங்கள்

2023 செப்டம்பரிலிருந்து எல்எல்விஎம் ரிவ்யூ கிட்ஹப் புல் ரெக்வெஸ்டில் நடக்கிறது. தலைப்பில் சதுர அடைப்புக்குள் தொட்ட பகுதியின் பெயர், பிறகு என்ன எடுத்தீர்கள், கடைசியில் என்எஃப்சி என்ற மூன்றெழுத்து. செயல்பாட்டில் மாற்றம் இல்லை என்பதன் சுருக்கம் அது. அந்த மூன்றெழுத்தைப் போட்டால் ரிவ்யூ செய்பவர் உங்களை நம்பிப் படிக்கிறார். உறுதியாகத் தெரிந்தால் மட்டும் போடுங்கள்.

விளக்கத்தில் "அன்யூஸ்டு பாராமீட்டரை நீக்கினேன்" என்ற ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். அது எந்த வகை, அதே தகவல் இப்போது எங்கிருந்து கிடைக்கிறது, எந்தெந்த டார்கெட்களை பில்ட் செய்து பார்த்தீர்கள், வெளியீட்டை ஒப்பிட்டீர்களா, இவ்வளவும் இருக்கட்டும். நாலைந்து வரி போதும்.

கோடை அழகுபடுத்தும் ஆசை இந்த நேரத்தில்தான் வரும். பக்கத்தில் ஒரு பங்ஷன் பெயர் பெரிய எழுத்தில் தொடங்குகிறது, ஒரு கமென்ட் பழசாக இருக்கிறது என்று கை அரிக்கும். தொடாதீர்கள். மாற்றிய வரிகளுக்கு மட்டும் கிட்-கிளாங்-ஃபார்மட் ஓட்டுங்கள். எடுத்த பாராமீட்டரைப் பற்றிய கமென்ட் வரிகள் மட்டும் விதிவிலக்கு, அவையும் கூடவே போக வேண்டும். கமென்டில் பெயர் மிச்சமிருக்கிறதா என்று கிட் கிரெப்பில் கடைசியாக ஒருமுறை தேடுங்கள்.

பதில் வர ஒரு வாரம் ஆனால் மரியாதையாக ஒரு நினைவூட்டல் போடலாம். ஒப்புதல் கிடைத்ததும், உங்களுக்கு மெர்ஜ் உரிமை இல்லையென்றால் ரிவ்யூ செய்தவரையே மெர்ஜ் செய்யச் சொல்லுங்கள். அதன் பிறகு சில மணி நேரம் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருங்கள். உலகத்தின் வேறு வேறு மூலைகளில் ஓடும் பில்ட்பாட்கள், நீங்கள் பார்த்தே இராத அமைப்புகளில் உங்கள் மாற்றத்தைக் கம்பைல் செய்யும். ஏதாவது ஒன்று சிவப்பானால் அங்கே உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். உடனே ரிவர்ட் செய்துவிட்டு, திருத்தி மறுபடி அனுப்புவதுதான் அங்கே வழக்கம். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. மறுபடி அனுப்பும்போது, முதல் முறை எந்த டார்கெட்டில் எது உடைந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று விளக்கத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.